எந்த மாதம் போகலாம்?



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். மூன்று ஆண்டுகளாகக் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. மாமியாருக்கு வயது எழுபது. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பேரப்பிள்ளை கொண்டுவந்த நாட்காட்டி ஒன்றில், மலையையே படிக்கட்டாக வெட்டி நெல் நட்டிருக்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

"ஆசிரியை அவர்களே, பிலிப்பீன்ஸ் நாட்டிலுள்ள அந்த வயல்கள் எந்த மாதத்தில் மிக அழகாக இருக்கும்? எங்களால் ஒரு தடவைதான் போக முடியும். தப்பான மாதத்தில் போய்ப் பணத்தை வீணாக்கக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிட்டோம். மாமிக்கு முழங்கால் வலி வேறு கூடிக்கொண்டு வருகிறது. சரியான மாதத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

நான் அங்கே ஒரு முறை போயிருக்கிறேன். 2018ஆம் ஆண்டு, டிசம்பர் பள்ளி விடுமுறையில், என் கணவரோடும் அம்மாவோடும் போனேன். ஆகவே இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். முதலில் ஆசிரியையாகச் சொல்கிறேன். பிறகு ஒரு பால்வெட்டுக்காரியின் மகளாகச் சொல்கிறேன்.

அந்த வயல்கள் லூசோன் தீவின் வடக்கே, கோர்டில்லேரா மலைத் தொடரில், இபுகாவ் என்னும் மாநிலத்தில் இருக்கின்றன. அங்கு வாழும் மக்களுக்கும் இபுகாவ் என்றே பெயர். அவர்களுடைய முன்னோர் கல்லாலும் மண்ணாலும் சுவர் எழுப்பி, மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக வயல்களை அமைத்தார்கள். மலையுச்சியில் குடும்பத்துக்குக் குடும்பம் காடு வைத்திருக்கிறார்கள். அதை முயோங் என்பார்கள். அந்தக் காடு மழை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் கீழே விடுகிறது. நீர் மேல் வயலை நிரப்பி, அடுத்த வயலுக்கு இறங்கி, கடைசியில் ஆற்றில் சேர்கிறது. காட்டை வெட்டினால் வயல் காயும். வயலைக் கைவிட்டால் சுவர் இடியும். ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்கிறது.

இவை 2000 ஆண்டுப் பழமையானவை என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அண்மைக் காலத்தில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன், ஸ்பானியர்கள் சமவெளிக்கு வந்த காலத்தையொட்டித்தான் இங்கே நெல் வயல்கள் பெருகின என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியானால் என் வியப்பு கூடத்தான் செய்கிறது. அத்தனை மலைகளையும் அவ்வளவு குறைந்த காலத்தில் வெறுங்கையால் வெட்டியிருக்கிறார்களே!

1995இல் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. பாத்தாட், பங்கான், மயோயாவ், ஹுங்டுவான், நாகாகாடான் ஆகிய ஐந்து இடங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. எல்லாரும் முதலில் போய் இறங்கும் பனாவே ஊரின் வயல்கள் அந்த ஐந்தில் சேரவில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அவற்றைப் பார்க்காமல் யாரும் திரும்புவதும் இல்லை.

இனி மாதக் கணக்குக்கு வருவோம். நம் செகிஞ்சானில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. இபுகாவ் மலையின் பழைய நெல்லுக்குத் தினாவோன் என்று பெயர். அந்தச் சொல்லுக்கே ஆண்டுக்கு ஒரு முறை என்றுதான் பொருள். மலைக்குளிரில் அது மெதுவாகத்தான் வளரும். தாழ்வான சில வயல்களில் வேறு நெல் போட்டு இரண்டு போகம் எடுப்பதும் உண்டு. ஊருக்கு ஊர், உயரத்துக்கு உயரம், சில வாரங்கள் முன்பின் ஆகும். பொதுவாக ஆண்டை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. நாற்றங்கால் விடுவதும், சேற்றை மிதித்துப் பண்படுத்துவதும், இடிந்த சுவரைக் கட்டுவதும், நாற்று நடுவதும் இந்த மாதங்களில்தான். வயல் முழுதும் தண்ணீர் நிற்கும். வெயில் அடித்தால் வானம் அப்படியே வயலில் தெரியும். பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. குளிர் உண்டு. ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

இரண்டு, மார்ச் முதல் மே வரை. நட்ட பயிர் தூர் கட்டிப் பச்சையாகப் பரவும். ஏப்ரல், மே மாதங்களில் மலையெங்கும் பச்சை விரித்தது போல இருக்கும். மழை குறைவு. நடக்கும் பாதை அவ்வளவாக வழுக்காது. ஆனால் புனித வெள்ளி வரும் வாரத்தில் மணிலா நகரமே ஊர்களுக்குக் கிளம்பிவிடும். அந்த வாரம் பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம்.

மூன்று, ஜூன் பிற்பாதியும் ஜூலையும். கதிர் முற்றி மலை பொன்னாக மாறும். நாட்காட்டிப் படங்களில் பல இந்தக் காலத்தில் எடுத்தவை. அறுப்பும் இப்போதுதான். கதிரைக் கொத்தோடு கையால் அறுத்துக் கட்டுக் கட்டாகச் சுமந்து போவார்கள். முன்பு மலாய்க்காரக் கம்பங்களில் துவாய் என்னும் சிறு கத்தியை விரலிடுக்கில் வைத்து அறுப்பார்களே, அந்த மாதிரிக் கத்திதான். ஹுங்டுவான் பகுதியில் ஹாப்பாவ் என்ற ஊரில் அறுப்பு முடிந்ததும் ஆற்றில் இறங்கிக் கோஷ்டி பிரிந்து இழுத்துப் போட்டியிடுவார்கள். புன்னுக் என்ற அந்த விழாவை யுனெஸ்கோ 2015இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் மழையும் புயலும் தொடங்கும் காலமும் இதுவே.

நான்கு, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. அறுத்த தாளையும் களையையும் வயலிலேயே மேடாகக் குவித்து, மக்க வைத்து, அதன்மேல் காய்கறி போடுவார்கள். நம் கண்ணுக்குத் தண்ணீரும் மண்மேடும் மட்டும் தெரியும். இந்த மாதங்களில் புயல் வந்தால் மலை சரிந்து சடக்கு அடைபட்டுவிடும். சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போக ஏற்ற காலம் அன்று.

பாடம் இவ்வளவுதான். புத்தகத்தில் எழுதினால், "ஏப்ரல், மே மாதங்கள் பச்சைக்கு ஏற்றவை. ஜூன் கடைசியும் ஜூலையும் பொன்னுக்கு ஏற்றவை" என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. எங்கள் கதையைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

நாங்கள் டிசம்பரில் போனதற்குக் காரணம் பள்ளி விடுமுறை. வேறு யோசனை ஏதும் இல்லை. நானும் பொன்னிறப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவள்தான். கோலாலம்பூரிலிருந்து மணிலாவுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து இரவு பஸ் ஏறினால் ஒன்பது பத்து மணி நேரம் கழித்து விடியற்காலையில் பனாவே. இறங்கியபோது மழைத் தூறல். பார்க்கும் இடத்தில் போய் நின்றால் ஒரே வெள்ளைப் பனி. ஒரு மணி நேரம் கழித்துப் பனி விலகியது. கீழே சேறும் தண்ணீரும். பொன்னும் இல்லை, பச்சையும் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு வெள்ளி செலவு! "தப்பான மாசத்துல வந்துட்டோம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. கீழே ஒரு வயலில் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு நான்கைந்து பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "காலையிலேருந்து நிக்கிறாங்க போலருக்கு. கால் வெறைச்சிப் போயிருக்கும்" என்றார்.

நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாள் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். இரவில் அடுப்பருகே உட்கார்ந்து நான் ஆங்கிலத்தில் பேச, அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறாளாம். மகன் மணிலாவில். வயலில் இறங்க வீட்டில் ஆளில்லை. கூலிக்கு ஆள் பிடித்து நட வேண்டும். அந்த நெல் விற்பனைக்கு வருவதும் குறைவு, வீட்டுச் சோற்றுக்கே சரியாகப் போய்விடும். சுவர் இடிந்தால் கட்டத் தெரிந்தவர்கள் கிழவர்கள்தான். பெரிய மண்புழுக்கள் துளை போட்டு நீர் கசிகிறது. உணவுக்கென்று 1980களில் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த ஒரு வகை நத்தை, வயலுக்குள் புகுந்து இளம் நாற்றைத் தின்கிறது. இப்படி வயல்கள் கைவிடப்பட்டு வந்ததால்தான் 2001இல் இந்த இடம் ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சொத்து என்ற பட்டியலுக்குப் போனது. பல வேலைகள் செய்து, 2012இல்தான் அதிலிருந்து எடுத்தார்கள்.

அறுப்பின்போதும் துக்க வீடுகளிலும் பெண்கள் பாடும் ஹுட்ஹுட் என்னும் கதைப்பாட்டைப் பற்றியும் சொன்னார். 200க்கு மேற்பட்ட கதைகள். ஒன்றை முழுதாகப் பாடி முடிக்க நாள் கணக்கில் ஆகுமாம். யுனெஸ்கோ 2001இல் அதையும் சிறப்பித்தது. "பாடத் தெரிந்த பாட்டிமார் குறைந்துகொண்டே வருகிறார்கள்" என்றார்.

நான் அவரிடமும் நம் சகோதரியின் கேள்வியைத்தான் கேட்டேன். எந்த மாதம் அழகு? அவர் சிரித்துக்கொண்டே, "வருகிற எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். பொன்னாக இருக்கும்போது எங்களுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது" என்றார்.

இதை அம்மாவுக்குச் சொன்னதும் அவர் வாயைத் திறந்தார்.

"நம்ம தோட்டத்துல வருஷம் பொறந்ததும் கித்தா மரம் இலை கொட்டும் பாரு, ஞாபகம் இருக்கா? எல சிவப்பாயி, மஞ்சளாயி, காடே பத்தி எரியுற மாதிரி இருக்கும். பட்டணத்துலேருந்து காடியில வர்றவங்க சடக்கோரமா நிப்பாட்டிப் படம் புடிப்பாங்க. 'என்ன அழகு'ம்பாங்க. நமக்கு அப்பதான் பால் கொறையும். மங்குல பாதி கூட நெறையாது. சம்பளம் போடற அன்னைக்கி உங்க அப்பா மூஞ்சியப் பாக்க முடியாது. ஒங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறந்து சப்பாத்து வாங்குற மாசம் வேற. நான் அந்தச் செகப்பு எலய ஒரு நாள்கூட நின்னு பாத்ததில்ல புள்ள."

எனக்கு ஒன்றும் பேச முடியவில்லை. நான் அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். உதிர்ந்த இலைகளில் குதித்து விளையாடியவள். அந்த மாதத்தில் அம்மா என்ன பாடுபட்டார் என்பதை, நாற்பது வயதை நெருங்கும்போது, வேற்று நாட்டு மலையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

அம்மா அந்த வீட்டுக்கார அம்மாளைப் பார்த்து, "தங்கச்சி, நாளைக்கு என்ன வயலுக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்று தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் வீட்டுக்குக் கீழேயிருந்த வயலின் வரப்பில் இருவரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு மொழியில், பாதி நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் வந்தது. மேலிருந்து கீழ்வரை எல்லா வயல்களிலும் வானம் தெரிந்தது. அதைப் போல ஒன்றை நான் எந்த நாட்காட்டியிலும் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அம்மா, "அறுப்புக்கு ஒரு தடவ வரணும். கதிரக் கையில புடிச்சிப் பாக்கணும்" என்றார். "அடுத்தடுத்த வருஷம் ஜூலையில வருவோம்மா" என்று வாக்குக் கொடுத்தேன். விடுமுறை ஒத்து வரட்டும், கொஞ்சம் பணம் சேரட்டும் என்று ஓர் ஆண்டு தள்ளினேன். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் எல்லைகள் மூடப்பட்டன. திறக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. திறந்தபோது அம்மாவால் லயத்து வாசற்படியே இறங்க முடியவில்லை. 2023இல் காலமானார். அந்த ஜூலை எங்களுக்கு வரவே இல்லை.

ஆகவே, பேராக் சகோதரிக்கு நான் சொல்வது இதுதான்.

உங்கள் மாமியாரின் முழங்கால்தான் உங்களுக்கு முதல் நாட்காட்டி. நெல்லின் நாட்காட்டியை அதற்குப் பிறகு பாருங்கள். நெல் அடுத்த ஆண்டும் பழுக்கும். பொன்னிறத்துக்காக இன்னோர் ஆண்டு காத்திருக்க வேண்டாம். எதிரே வரும் ஏப்ரல், மே மாதங்களில், புனித வாரத்தைத் தவிர்த்து, போய் வாருங்கள். மழை குறைவு, பாதை காய்ந்திருக்கும், மலை பச்சையாக இருக்கும். பிள்ளைகளின் விடுமுறை அண்மை ஆண்டுகளில் இடம் மாறி மாறி வருவதால், கல்வி அமைச்சின் பட்டியலைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். அந்த மாதங்கள் ஒத்து வராவிட்டால் ஜனவரி, பிப்ரவரியில் போனாலும் குறையில்லை. தண்ணீர் நிறைந்த வயலும் நடவும் பார்க்கலாம். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மட்டும் வேண்டாம்.

இன்னும் சில குறிப்புகள்.

பாத்தாட் வயல்கள் ஒரு பெரிய கிண்ணத்தைப் போல அழகானவை. ஆனால் வண்டிச் சடக்கு முடிந்ததும் நடந்துதான் இறங்க வேண்டும். இறங்கியதெல்லாம் ஏற வேண்டும். மாமியாருக்கு அது ஆகாது. பனாவே வயல்களையும் பங்கானையும் சடக்கோரத்தில் நின்றே பார்க்கலாம். இளையவர்கள் ஒரு நாள் பாத்தாட் போகட்டும், பெரியவர் பனாவேயில் ஓய்வெடுக்கட்டும்.

இரவு பஸ் குளிரும். முதியவருக்குப் போர்வையும் காலுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும். மருந்தையும் பெட்டியில் போடாதீர்கள்.

எந்த மாதம் போனாலும் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளாவது மிச்சம் வையுங்கள். சடக்கு அடைபட்டால் பதறாமல் இருக்கலாம். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் இரண்டு நாள் வையுங்கள். பிலிப்பீன்ஸ் வானிலை நிலையமான பகாசா புயல் எச்சரிக்கை கொடுத்தால் மலைக்கு ஏறாதீர்கள்.

வழிகாட்டியை அந்த ஊரிலேயே அமர்த்துங்கள். ஊர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிடுங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் ஒரு சுவரைத் திரும்பக் கட்ட உதவலாம். மலையூரில் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்பாமல் மணிலாவிலேயே பெசோவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வயலில் நிற்கிறவர்களைப் படம் பிடிக்குமுன் அனுமதி கேளுங்கள். நாம் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போது யாரோ வந்து கேட்காமல் படம் பிடித்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும் அல்லவா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். அங்கே போனதும் மாமியாரைப் படத்துக்கு நிற்க வைத்துவிட்டு உடனே அடுத்த இடத்துக்கு ஓடாதீர்கள். ஒரு வரப்போரம் உட்கார வைத்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். முப்பது ஆண்டுகள் மரத்தோடு மாரடித்தவர் வயலைப் பார்க்கும் பார்வை உங்கள் பார்வையைப் போல இருக்காது. உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மாமியார் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.